அவர் பக்கத்துத் தட்டு

என் கணவர் வாழ்நாளில் பாதியைப் பெற்றோல் ஷெட்டில் கழித்தவர். முதலில் இரவு ஷிப்ட், பிறகு மனேஜர், கடைசியில் சொந்தமாக ஒன்று. வீட்டுக்கு வந்து குளித்து, திருநீறு பூசிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாலும் அவரில் பெற்றோல் மணக்கும். அப்படிப்பட்ட மனிதர் ஷெட்டை விற்ற கையோடு வாங்கிய முதல் பொருள் ஒரு படகு. அதுவும் ஒரு சொட்டு டீசல் ஊற்றத் தேவையில்லாத படகு. கூரை முழுக்க சோலார் பேனல், கட்டிலுக்கு அடியில் பற்றரி, பின்னால் மின்சார மோட்டார். வெயிலே ஓட்டும், வெயிலே சமைக்கும், வெயிலே விளக்கேற்றும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

"லண்டனில வெயில் எங்க கிடக்குது?" என்று கேட்டேன்.

"கிடக்கிறது காணும். நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும்," என்றார்.

நான் பயப்படவில்லை. எரிச்சல்தான் பட்டேன். இல்ஃபோர்ட் வீட்டில் இப்போதுதான் காலை நீட்டி உட்காரலாம் என்று இருந்த நேரம். அந்த வீட்டை மகளிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கால்வாயில் மிதக்க வேண்டுமாம். படகின் அகலம் ஏழடி கூட இல்லை என்றார். ஏழடிக்குள் யாராவது குடித்தனம் நடத்துவார்களா என்று நான் கேட்டதற்கு, முன் அறையில் இருந்த செற்றியை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, கம்பளத்தின் மேல் நீளமாக டேப் ஒட்டினார். இது குசினி, இது குளியலறை, இது கட்டில் என்று கோடு கோடாகப் பிரித்தார். ஒரு கிழமை அந்தக் கோட்டுக்குள்தான் சாப்பாடு, அதற்குள்தான் டிவி. மகள் வந்து கோட்டைத் தாண்டி நின்று என்ன கூத்து இது என்று சிரித்தாள். "பிள்ளை, நீ தண்ணிக்குள்ள நிக்கிறாய்," என்றார் அவர். அந்த டேப்பைப் பிறகு உரித்தபோது கம்பளத்தில் பசை நின்றுவிட்டது. என்ன தேய்த்தாலும் போகவில்லை.

வாங்கியது வெறும் இரும்புக் கூடு. ஊருக்கு வெளியே ஒரு படகு யார்டில் அதை நிறுத்தி வைத்து, சனி ஞாயிறுகளில் போய் உள்ளே வேலை செய்தார்கள். அவர்கள் என்றால் அவரும் என் தம்பியும். தம்பி எலெக்ட்ரீஷியன். ஜெர்மனியில் வேலை பழகி, அங்கிருந்து குடும்பத்தோடு வந்து கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறான். ஜெர்மன்காரர்களின் ஒழுங்கும் எங்கள் வீட்டுக் கோபமும் அவனில் சரிபாதி. சுவருக்குள் குளிர் வராமல் அடைப்பது, மரப்பலகை அடிப்பது எல்லாம் என் கணவர். வயர் இழுப்பது தம்பி. இரண்டு பேரும் ஒரு ஸ்க்ரூவுக்காக மத்தியானம் முழுக்கச் சண்டை பிடிப்பார்கள். நான் சோறும் கறியும் கட்டிக்கொண்டு போவேன். படகு முன்னேறுகிறதா என்று கேட்டால் இருவரும் ஒரே குரலில் ஓம் என்பார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு செய்ததுதான் என் கணவர் தனியாகச் செய்த வேலைகளில் சுத்தமானது. அது அவருடைய மூச்சு மெசினுக்கு. அவருக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும் வருத்தம் இருந்தது. அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு மெசின் கொடுத்திருந்தார்கள். முகத்தில் மாஸ்கைக் கட்டிக்கொண்டு படுத்தால் அது காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க ஊ என்று ஒரே சத்தம். "இந்தச் சத்தத்துக்குள்ள மனிசர் நித்திரை கொள்ளுறதோ?" என்று வருடக்கணக்காகப் புறுபுறுத்திருக்கிறேன். படகில் அந்த மெசினுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று தட்டின் பின்பலகையில் வட்டமாக ஓட்டை வெட்டி, விளிம்பை எல்லாம் வழவழவென்று தேய்த்து வைத்தார். படுத்தபடியே கை எட்டும் உயரம்.

அந்தத் தட்டில் அவர் மெசினை வைக்கவில்லை. ஜனவரியில் ஒரு காலை, இல்ஃபோர்ட் வீட்டில், நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பியபோதுதான் தெரிந்தது. மெசின் மட்டும் ஊதிக்கொண்டே இருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண் எல்லாம் பார்த்துவிட்டு, மாஸ்கைக் கழற்றி வைத்து, அந்த மெசினை நிறுத்துகிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். நான் கட்டிலில் ஒரு முழங்கையை ஊன்றி, அவருக்கு மேலால் எட்டி, பொத்தானை அமத்தினேன். பிறகு கீழே போய் மகளுக்கும் தம்பிக்கும் போன் எடுத்தேன்.

அழவில்லை. வரவில்லை. கனடாவுக்கும் பிரான்ஸுக்கும் ஊருக்கும் நான்தான் போன் எடுத்துச் சொன்னேன். "இவர் மோசம் போயிட்டார்," என்று ஒரே வசனம், ஒரே குரல். அந்தப் பக்கத்தில் அவர்கள் அழுது முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூச்சு மெசினைத் துடைத்து, அதன் பையில் போட்டு, குழாயைச் சுற்றி வைத்து, அந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடக் குசினியில் வேலை. உருளைக்கிழங்கு மசிக்கும்போது கூட ஒன்றும் தோன்றவில்லை. நல்ல தைரியசாலி என்று ஆட்கள் சொன்னார்கள். வேறு சிலர் என்ன சொன்னார்கள் என்பதும் என் காதுக்கு வந்தது. இரண்டுமே என்னில் ஒட்டவில்லை.

அவருடைய அக்கா, என் மச்சாள், ஸ்ட்ரெதமில் இருந்து ஒரு விளக்கு கொண்டுவந்தா. இங்கே எங்கள் ஆட்களின் பாதி வீடுகளில், செத்தவர்களின் படத்துக்குக் கீழே இருக்குமே, பிளக்கில் செருகினால் சிவப்பாக, சுடர் ஆடுகிற மாதிரி எரியும் சின்ன விளக்கு. அதைப் படத்துக்கு முன்னால் செருகிவிட்டு மச்சாள் சொன்னா: "ஆட்டைத் திவசம் மட்டும் இது நூரக் கூடாது, விளங்குதோ? பகலும் எரிய வேணும், இரவும் எரிய வேணும். நீர்தான் பொறுப்பு."

வருடத் திவசம் வரை அணையாமல் பார்ப்பது பெரிய வேலையா? பிளக்கில் இருப்பது பாட்டுக்கு எரியப் போகிறது. சரி மச்சாள் என்றேன்.

பெரிய வேலையாக இருந்தது நித்திரைதான். அந்த வீட்டில் எனக்கு நித்திரை போய்விட்டது. கட்டிலை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், மகளின் அறையில் படுத்துப் பார்த்தேன், டொக்டர் தந்த குளிசை போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடினால் மூடியபடியே விழித்திருப்பேன். துக்கத்தால் என்றால் பரவாயில்லை, எனக்குத்தான் துக்கமும் இல்லையே. குசினியில் நின்றபடி தூங்கி, கொதி தண்ணீரில் கையை வைக்கப் பார்த்தேன். பொறுப்பாக இருந்த பெண் என்னைக் கூப்பிட்டு, இப்படியே போனால் வேலையை விட வேண்டிவரும் என்று பக்குவமாகச் சொன்னாள்.

படகை விற்கச் சொன்னாள் மகள். நான் தம்பியிடம் மிச்ச வேலையை முடி என்றேன்.

"ஏனக்கா? நீங்கள் தனிய அதுக்குள்ள என்ன செய்யப் போறியள்?"

"பாதியில நிக்குது. முடி."

வேறு காரணம் அப்போது என்னிடம் இல்லை. இப்போதும் யோசித்தால் அதுதான் காரணம். பாதி சமைத்ததை இறக்கி வைக்க எனக்குத் தெரியாது.

தம்பி முடித்தான். கடைசியாக ஒரு சாமான் மிச்சமிருந்தது, இன்வெர்ட்டர். பற்றரியில் இருந்து வரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி. படகின் விளக்குகளும் தண்ணீர்ப் பம்பும் ஃபிரிட்ஜும் நேராகப் பற்றரியிலேயே ஓடும். வீட்டுப் பிளக் உள்ள சாமான் எதையாவது செருக வேண்டுமென்றால்தான் இந்தப் பெட்டி. என் கணவர் அதைப் பின்பக்கம் மோட்டாருக்குப் பக்கத்தில் வைக்கத்தான் நினைத்திருந்தார். ஆனால் வயர் எட்டவில்லை. தம்பி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கட்டிலோரத் தட்டைக் காட்டினான். "இதில வைக்கட்டோ? பற்றரி கீழதான் இருக்கு. காத்துப் போக ஓட்டையும் இருக்கு."

"எங்கயாவது வை," என்றேன்.

பெட்டி அந்தத் தட்டுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. "தேவையில்லாத நேரம் நிப்பாட்டி வையுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனான். நான் ஓம் என்றேன். அந்த நாட்களில் நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்பேன்.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னதாகக் குடிபுகுந்தேன். மச்சாள் பால் காய்ச்சாமல் விட மாட்டேன் என்று வந்தா. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்க வேண்டும் என்று சட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தா. சரியாகப் பொங்கும் நேரம் பக்கத்தால் இன்னொரு படகு போக, எங்கள் படகு ஆடி, பால் நாலு பக்கமும் கொட்டியது. "எல்லாத் திசையும் நல்லதுதான்," என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, துடைக்கும் வேலையை எனக்கு விட்டுவிட்டு, படத்தையும் விளக்கையும் வைக்க இடம் பார்த்தா. கட்டிலின் கால்மாட்டில் படத்தை மாட்டி, கீழே விளக்கைச் செருகினோம். வீட்டுப் பிளக் விளக்கு. இன்வெர்ட்டர் போட்டால்தான் எரியும். போட்டேன்.

அன்றைக்கு நான் தூங்கினேன். விடிந்து, வாத்துகள் கத்தி, ஆட்கள் சைக்கிளில் போய்வந்து, சூரியன் ஜன்னலுக்கு நேரே வந்த பிறகுதான் எழும்பினேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். படகு தாலாட்டுகிறது என்றாள் மகள். தண்ணீர்க் காற்று என்றான் தம்பி. போய்ச் சேர்ந்த தன் தம்பிதான் பக்கத்தில் இருந்து காக்கிறான் என்றா மச்சாள். எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. நித்திரை வந்தது, அது போதும்.

அந்தக் கோடையைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகமில்லை. லீ ஆற்றில் ஸ்ட்ராட்ஃபோர்ட்டுக்கும் டொட்டன்ஹாமுக்கும் இடையில் போய்வந்தேன். ஓரிடத்தில் இரண்டு கிழமைக்கு மேல் நிற்கக் கூடாது என்பது லைசென்ஸ் சட்டம். தம்பியோ மகளோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கயிறு பிடிக்க, சத்தமில்லாத மோட்டாரில் நடக்கிற வேகத்தில் அடுத்த இடத்துக்குப் போவோம். பேனலைத் துடைப்பேன். கரண்ட் அடுப்பில் சோறு வைப்பேன். தண்ணீர்த் தாங்கியை நிரப்புவேன். வெயில் இவ்வளவும் செய்கிறது பார்த்தீரா என்று அவர் கேட்டிருப்பார். அப்படி நினைத்துப் பார்த்தேன், ஆனால் நினைத்ததோடு சரி. மரத்துப்போன காலில் நடப்பது போல்தான், நடக்கிறோம் என்பது தெரியும், தரைதான் தெரியாது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்வெர்ட்டரை நான் ஒருநாளும் நிறுத்தவில்லை.

நவம்பரில் வெயில் போய்விட்டது. வருகிற நாளிலும் கட்டடங்களுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பற்றரி அளவு காட்டும் சின்னத் திரையில் எண் நாளுக்கு நாள் இறங்கியது. கரண்ட் அடுப்பை விட்டேன். சூட்டுக்கு மூட்டும் கரியடுப்பின் மேலேயே சோறு வைத்தேன். போனைப் பள்ளிக்கூடத்தில் சார்ஜ் போட்டேன். ஃபிரிட்ஜை நிறுத்திப் பாலை ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டேன். எண் அப்படியும் இறங்கியது. டிசம்பரில் இடம் மாற வேண்டிய ஞாயிறு வந்தபோது மோட்டார் ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிட்டது. நகராவிட்டால் லைசென்ஸ்காரர் நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

மகள் கரையில் நின்றபடி அழுதாள். "அம்மா, பிளீஸ். வீட்டுக்கு வாங்கோ. உங்களுக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்வன்?" இந்தக் கிழமைக்குள் பற்றரி சரிவராவிட்டால் படகை யார்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவோம், நீங்கள் இல்ஃபோர்ட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவாகச் சொன்னாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் எனக்கு அந்த வீடு என்றாலே பயம் பிடித்தது. பதினொரு மாதத்தில் நான் உணர்ந்த ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான். அங்கே போனால் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்க வேண்டும். நான் கேட்டது உலகத்தில் ஒன்றே ஒன்று, எனக்கு நித்திரை வரும் இடத்தில் என்னை விடுங்கள் என்பதுதான்.

"ஒருக்கா மாமாவைப் பாக்கச் சொல்லு," என்றேன்.

தம்பி வேலை முடிந்து ஒரு பின்னேரம் வந்தான். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. கையில் ஒரு மீட்டரோடு முன்னால் இருந்து பின்னால் வரை ஒவ்வொரு வயராகப் பிடித்துப் பார்த்தான். கட்டிலடிக்கு வந்ததும் நிமிர்ந்தான்.

"அக்கா, இந்த இன்வெர்ட்டரைக் கடைசியா எப்ப நிப்பாட்டினீங்கள்?"

"நிப்பாட்டேல்லை."

"எப்பவுமே?"

"எப்பவுமே இல்லை. மச்சாள் சொன்ன விளக்கு இருக்கல்லோ?"

அவன் படத்தைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், தலையில் கையை வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்துவிட்டான். "விசரே உங்களுக்கு? விளக்கு ஒண்டும் குடிக்கேல்லை. அதை எரிய வைக்க இந்தப் பெட்டி இரவும் பகலும் முழிச்சிருந்து குடிக்குது. ஒரு தீக்குச்சி கொளுத்த லொறியை ஸ்டார்ட்டில விட்டு வைச்ச மாதிரி."

"அதை நூரக் கூடாதாம், ஆட்டைத் திவசம் மட்டும்," என்றேன். இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. "நூந்தா மச்சாள் என்னைச் சும்மா விடமாட்டா."

"நூர வேண்டாம். ஆர் நூரச் சொன்னது?" அவன் பையைக் கிளறி ஒரு சின்ன பல்பை எடுத்தான். நேராகப் பற்றரியில் எரியும் பல்ப். இடையில் இருள் விழக் கூடாது என்று, முதலில் ஒரு அகல் விளக்கை ஏற்றச் சொல்லிப் படத்துக்கு முன்னால் வைத்தான். பிறகு மச்சாளின் விளக்கைக் கழற்றி, அதே சிவப்புக் கூட்டுக்குள் அந்தப் பல்பைப் பொருத்தினான். கோபக்காரன்தான், ஆனால் இப்படிப்பட்ட காரியங்களில் பிழை விடமாட்டான். வயரைப் பூட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. முன்பு போல சுடர் ஆடவில்லை, நிலையாக எரிந்தது. இனி வருடம் முழுக்க எரிந்தாலும் பற்றரிக்குத் தெரியாது என்றான். ஒரு நாள் கரையில் பிளக் உள்ள இடத்துக்கு இழுத்துப் போய்ப் பற்றரியை நிரப்பினால் படகு குளிர்காலத்தைத் தாண்டிவிடும் என்றும் சொன்னான்.

அவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவு நாள் பட்ட பாடு ஒரு பல்பில் முடிந்துவிட்டது. இல்ஃபோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. எனக்கு நெஞ்சுக்குள் கொஞ்சம் இளகியது.

"நான் இஞ்ச வயரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்," என்றான் தம்பி கால்மாட்டில் இருந்து. "உந்தப் பெட்டியை ஒருக்கா நிப்பாட்டிவிடுங்கோ அக்கா."

நான் கட்டிலில் ஒரு முழங்கையை ஊன்றி, அவர் படுக்கும் பக்கமாக எட்டி, பொத்தானை அமத்தினேன்.

சத்தம் நின்றது.

அது வரைக்கும் அங்கே ஒரு சத்தம் இருந்தது என்றே எனக்குத் தெரியாது. பெட்டிக்குள் ஒரு சின்ன விசிறி ஊ என்று, ஒரே சீராக, அவர் பக்கத்தில், அவர் வெட்டிய ஓட்டைக்கு முன்னால், நான் குடிவந்த நாளில் இருந்து ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. இதை நான் முன்பும் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன் என்று முதலில் என் கைக்குத்தான் தெரிந்தது. கை பொத்தானை விட்டு வர மறுத்தது. படகுக்குக் கீழே தண்ணீர் இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒரு அமைதியில் நான் ஒரு தரம் நின்றிருக்கிறேன், ஜனவரி மாதத்துக் காலையில், ஆறிப்போகிற தேத்தண்ணிக்குப் பக்கத்தில்.

என் வாயில் இருந்து ஒரு குரல் வந்தது. அது என்னுடையது என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

தம்பி வயரை எறிந்துவிட்டு ஓடி வந்தான். "கரண்ட் அடிச்சதோ? அக்கா! கையைக் காட்டுங்கோ, எங்க அடிச்சது?" என் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"அத்தான்ர மெசின்," என்றேன். "நிண்டுபோச்சு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். அந்த ஓட்டையை அவர் வெட்டியபோது பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். பெட்டியை அங்கே வைத்தவனும் அவன்தான். என் கையை அவன் விடவில்லை. அவன் முகமும் கோணிப்போனது.

"திருப்பிப் போட்டுவிடட்டோ அக்கா?" என்றான். "பற்றரி செத்தாச் சாகட்டும். நான் வேற வாங்கித் தாறன்."

போடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போட்டால் மறுபடியும் ஊதும். நானும் அதற்குப் பக்கத்தில் படுத்து, விடியும் வரை தூங்கி, எழும்பி, உருளைக்கிழங்கு மசிக்கப் போவேன்.

"வேண்டாம்," என்றேன். "போடாதை. அத்தான் செத்துப்போனார்."

கனடாவுக்கும் பிரான்ஸுக்கும் ஊருக்கும் போன் எடுத்துச் சொன்னவள் நான். எனக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.